பீரோவின் பின்வரிசை: நீங்கள் யாருக்கும் காட்டாத வெள்ளி எது?

#1 முகப்புத்திண்ணை, காரைக்குடி

இந்தக் குழுவில் நான் இதுவரை போட்ட படங்களைப் பார்த்தவர்கள் என்னைப் பெரிய கை என்று நினைத்திருக்கலாம். பன்னீர்ச்செம்பு, சந்தனக் கும்பா, ஐந்துமுகக் குத்துவிளக்கு, பாக்குவெட்டியோடு கூடிய வெற்றிலைப் பெட்டி. எல்லாம் பீரோவின் முன்வரிசை. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் எடுத்துத் துடைத்து, நாலு பேர் பார்க்க வைத்துவிட்டு மறுபடி பூட்டுவது.

பின்வரிசையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அதைப் பற்றி இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். அதற்குள் 43 காதுக்குரும்பி வாங்கிகள்.

சிரித்து முடித்தாயிற்றா? சரி.

விரல் நீளம்தான் இருக்கும். ஒரு முனையில் கடுகு கொள்ளும் அளவுக்குக் குழி, மறுமுனை கூர். சிலவற்றில் ஒரே வளையத்தில் மூன்று தொங்கும்: குரும்பி வாங்கி, பல்குத்தி, முள்வாங்கி. சாவிக்கொத்தோடு சேர்த்து இடுப்பில் செருகியிருந்தவை. கம்பியை முறுக்கிச் செய்தது உண்டு, தலையில் கிளி வைத்தது இரண்டு உண்டு. எடை நாலைந்து கிராம் தேறினால் அதிகம். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் உடைந்த கொலுசு, அறுந்த அரைஞாண் இவற்றோடு ஒரு தட்டில் எடைக்குக் கிடக்கும். இப்போதெல்லாம் ஒரு கடைக்காரர் என் தலையைப் பார்த்ததுமே தனியாக எடுத்து வைக்கிறார். விலையையும் தனியாகத்தான் வைக்கிறார்.

வீட்டில் சொல்வது: "ஊரான் காது அழுக்கைக் காசு குடுத்து வாங்குற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

ஆனால் யோசித்துப் பாருங்கள். பன்னீர்ச்செம்பு விருந்தாளிக்கு. குத்துவிளக்கு சாமிக்கு. இந்த முள்வாங்கி மட்டும்தான் அவர் தனக்கென்று வைத்திருந்தது. பொட்டல்காட்டில் நடந்து வந்து, திண்ணையில் காலைத் தூக்கிப் போட்டு, உள்ளங்காலில் ஏறிய முள்ளைத் தானே பிடுங்கியது இதை வைத்துத்தான். அதற்குப் போய் வெள்ளியா என்றால், ஆமாம், வெள்ளிதான்!

உங்களிடம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். படம் போடலாம். ஒரே நிபந்தனை: சாமானில் வெட்டியிருக்கும் பேரையும் விலாசத்தையும் (வீட்டு முன்னோர் பேர்களின் முதலெழுத்துகள்) இங்கே எழுதக் கூடாது, படத்திலும் மறைத்துவிடுங்கள். நம் ஊரில் இரண்டு எழுத்தைச் சொன்னால் போதும், எந்த வீடு என்று மூன்றாவது ஆள் சொல்லிவிடுவார்.


#2 சந்தேகப்பிராணி

கழுவினீங்களா?


#3 முகப்புத்திண்ணை

வெந்நீரில், மூன்று தடவை.


#4 கரண்டிக்காரி, பர்மிங்காம்

பிறந்தது கானாடுகாத்தான் பக்கம், பிழைப்பு இங்கிலாந்தில். அண்ணே, நீங்க தனி ஆளில்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வெள்ளி பார்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எல்லாருக்கும் ஒரு பின்வரிசை இருக்கிறது. தேநீர்ச் செட்டைக் கூடத்தில் வைத்துவிட்டு, மேசை இழுப்பறையில் தீப்பெட்டிக் கூடு, ஜாதிக்காய் துருவி, கட்டைவிரல் நகம் அளவுக்கு வாசனைப் பஞ்சு வைக்கும் டப்பா என்று ஒளித்து வைத்திருப்பார்கள்.

நான் ஒளித்து வைத்திருப்பது கெட்டுப்போன கரண்டிகள். 200 வருஷத்துக்கு முந்தைய நல்ல பிளெய்ன் மேசைக்கரண்டியை எடுத்து, விக்டோரியா காலத்தில் குழியில் திராட்சையும் பேரிக்காயும் எழும்பத் தட்டி, தங்க முலாம் பூசி, பழக்கரண்டி என்று விற்றிருக்கிறார்கள். சுத்தக்காரர்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது, கொலை என்பார்கள். என்னிடம் 17 கொலை இருக்கிறது. பின்புறம் முத்திரையைப் பார்த்தால் பழைய வருஷம், முன்புறம் பார்த்தால் பேத்தி காலத்து ஜோடனை. மாமியாருக்கு மருமகள் புடவையைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்கிறது, என்ன செய்ய.

முத்திரை பற்றி ஒரு வார்த்தை, புதிதாக வருபவர்களுக்கு. இங்கிலாந்து வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருந்தால் 1000க்கு 925 பங்கு வெள்ளி. நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். பர்மிங்காமில் கடலே கிடையாது, ஆனாலும் 1773ல் வெள்ளியின் தரம் பார்க்கும் பரிசோதனைச் சாலை தொடங்கியதிலிருந்து நங்கூரம்தான். ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், அது வருஷம். அரசர் அல்லது அரசி தலை இருந்தால் வரி கட்டியது, 1784க்கும் 1890க்கும் இடையில்.

இந்த வரியில்தான் பழைய திருட்டும் இருக்கிறது. 1720லிருந்து 1758 வரை அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி. சில பட்டறைகள் ஒரு சின்னச் சாமானுக்கு வரி கட்டி முத்திரை வாங்கி, அந்த முத்திரையை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்துப் பெரிய ஜாடியின் அடியில் பற்றவைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி, முத்திரை மேல் வாயால் ஊதுவது. மூச்சு படிந்து மறையும் ஒரு நொடியில் பற்றவைத்த வளையம் தனியாகத் தெரியும். நான் கடையில் நின்று எல்லாவற்றையும் ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, முதல் வருஷம் என் வீட்டுக்காரர் பத்தடி தள்ளித்தான் நின்றார்.


#5 பட்டறைப்பையன்

நாலு தலைமுறை வெள்ளி வேலை. பொடி வச்சு ஊதுறதுதான் எங்க பிழைப்பே. பொடி வச்சுப் பேசுறதுன்னு எல்லாரும் சொல்றீங்களே, அந்தப் பொடி எங்க பொடிதான், பற்றவைக்கிற பொடி. ஆச்சி சொன்ன அந்த வாயால ஊதுற சோதனை சரி. அப்பா அதைத்தான் செய்வார். கூட ஒண்ணு: சாமானை வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சா, பற்றவச்ச இடம் கொஞ்சம் மஞ்சளா அடிக்கும்.

குரும்பி வாங்கிச் செட்டியாருக்கு ஒரு வார்த்தை. உங்க படத்துல பாட்டிலுக்குள்ள ரப்பர்பேண்டு போட்டுக் கட்டி வச்சிருக்கீங்க. முதல்ல அதை எடுங்க. ரப்பர்ல கந்தகம் இருக்கு, வெள்ளியைக் கறுக்க வைக்கிறதே கந்தகம்தான். விட்டா கம்பியில கறுப்பா ஒரு வளையம் விழும், தேய்ச்சாலும் போகாது. பருத்தி நூல் போதும். யூடியூப்ல காட்டுற அலுமினியத்தாள், சோடாமாவு, வெந்நீர் வித்தையும் வேண்டாம். கறுப்பு போகும், கூடவே கிளியோட கண்ணும் போகும். அந்தக் குழியில இருக்கிற கறுப்புதான் கண்ணு. திருநீறு போதும், மெத்துனு ஒரு துணி.


#6 முகப்புத்திண்ணை

எடுத்துவிட்டேன் தம்பி. ஏழு வளையம் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. வயிறு எரிகிறது.


#7 ரங்கூன்பேரன், தேவகோட்டை

என் முன்வரிசை உங்களுக்குத் தெரியும், பர்மாக் கிண்ணங்கள். சுற்றிலும் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதை மனிதர்கள் எழும்பி நிற்க, உட்புறமிருந்து தட்டித் தட்டி எடுத்த வேலை. கைவைத்தால் ஆட்கள் மேல் கைவைத்த மாதிரியே இருக்கும். பிக்குகளின் பிச்சைப் பாத்திரத்தின் வடிவம், அதற்கு மேல் இத்தனை ஆடம்பரம்!

பின்வரிசை வெட்கக்கேடு. ஒன்பது கரண்டி, ஒன்றில்கூட வெள்ளி கிடையாது. எல்லாம் முலாம். கப்பல் கம்பெனி, ரயில்வே சாப்பாட்டு அறை. அதில் ஒன்று ரஜூலா கப்பலில் வந்தது என்று ஐயா சொல்வார். 1926லிருந்து சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடிக்கொண்டே இருந்த கப்பல். எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. செட்டிநாட்டில் பாதிப் பேருக்கு அதில் வாந்தி எடுத்த சொந்தக்காரர் ஒருவராவது இருப்பார்.

ஐயா திருடினார் என்று நான் சொல்லமாட்டேன். இறங்கும்போது கரண்டி கூடவே வந்துவிட்டது.


#8 சந்தேகப்பிராணி

வெள்ளிக் குழுவில் வெள்ளியில்லாத கரண்டி. நல்லது. ஜெர்மன் சில்வர் பேப்பர் தட்டு வைத்திருப்பவர்களும் வரலாமா?


#9 ரங்கூன்பேரன்

வாருங்கள், நீங்களே தொடங்குங்கள். எள்ளல் இருக்கட்டும், விஷயம் சொல்கிறேன். ஜெர்மன் சில்வரில் ஒரு குன்றிமணி வெள்ளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். அதன் மேல் மின்சாரத்தால் வெள்ளி படிய வைத்ததுதான் இ.பி.என்.எஸ். என்று பின்னால் குத்தியிருப்பது. பர்மிங்காமில் எல்கிங்டன்காரர்கள் 1840ல் காப்புரிமை வாங்கியது. நம் ஊர்க் கல்யாணச் சாமான் பலவற்றில் அந்த நாலெழுத்தைப் பார்த்துவிட்டு, 'எங்கள் வீட்டு இங்கிலீஷ் வெள்ளி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் அத்தை வீட்டில் நான் உண்மையைச் சொல்லி, இரண்டு வருஷம் பேச்சு நின்றுபோனது.


#10 பட்டறைப்பையன்

உரசாம, அறுக்காம வீட்டுலயே பார்க்க ஒரு வழி இருக்கு. சமையல் தராசுல ஒரு டம்ளர் தண்ணியை வச்சு பூஜ்யம் பண்ணுங்க. கரண்டியை நூல்ல கட்டி, அடியில படாம தண்ணிக்குள்ள முழுசா தொங்கவிடுங்க. தராசு ஒரு எண்ணு காட்டும். கரண்டி எடையை அந்த எண்ணால வகுங்க. சுத்த வெள்ளின்னா 10.5 கிட்ட, ஸ்டெர்லிங்னா, அதான் அந்த 925, 10.3 கிட்ட. ஜெர்மன் சில்வர் 8.7. 35 கிராம் கரண்டிக்கு வெள்ளின்னா 3.4 காட்டும், மத்ததுன்னா 4. உள்ளே அரக்கு ஊத்தின சாமானுக்கு இது ஆகாது. பன்னீர்ச்செம்பு அடியில பெரும்பாலும் அரக்கு இருக்கும், அதைப் போட்டுட்டு எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க.


#11 காலிப்பெட்டி, சென்னை

என் பேரே சொல்லிவிடும். நான் சேர்ப்பது பெட்டியை மட்டும். தோல் போர்த்தி, உள்ளே நீலமோ மெரூனோ வெல்வெட் வைத்து, சாமானின் உருவத்துக்குக் குழி வெட்டியிருக்கும் பரிசுப் பெட்டிகள். சாமான் போய்விட்டது, குழி இருக்கிறது. மூடியின் உட்புறப் பட்டுத்துணியில் கடைப் பேர். என்னிடம் மவுண்ட்ரோடு பி.ஆர் அண்டு சன்ஸ் (P. Orr & Sons) பெட்டி மூன்று. சுவாமி வேலை என்று தெய்வ உருவங்கள் எழும்பிய வெள்ளிச் சாமான்களுக்கு அவர்கள் பேர்போனவர்கள். 1875-76ல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது பரிசாகப் போனவற்றில் அவர்கள் செய்ததும் உண்டு.

ஒரு பெட்டியில் ஆறு வட்டம், நடுவில் ஒரு நீள்வட்டம், ஓரத்தில் பேனா மாதிரி ஒரு பள்ளம். மூன்று வருஷமாக என்னவென்று யோசிக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லவேண்டாம்.


#12 ஓட்டைக்காசு

கொக்கி வைத்த ரூபாய்கள். ராணி ரூபாயில் கொக்கி பற்றவைத்து மாலையாக, அரைஞாணில், பொத்தானாகப் போட்டுக்கொண்டதெல்லாம். நாணயக்காரர்கள் தொடமாட்டார்கள், பற்று வைத்த காசு செத்த காசு என்பார்கள். அதனால் எனக்கு மலிவு. பெருமைக்கு ஒன்று: 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். ராஜா அங்கியில் தொங்கும் யானை பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று கலவரமாகி, வெளியே விட்டதைத் திரும்ப வாங்கி, மறுவருஷம் தும்பிக்கையைத் திருத்தி அடித்தார்கள். என் காசில் அந்தப் பன்றியானை அப்படியே இருக்கிறது, ராஜா தலைக்கு மேல் கொக்கி. நாணயக் கண்காட்சியில் காட்டினேன், ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டார்.


#13 கண்ணாத்தா துணை, நாட்டரசன்கோட்டை

எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாளாக இருந்தேன். எங்கள் ஊர் அம்மனுக்குக் கண்நோய் தீரக் கண்மலர் சாத்துவது எல்லாருக்கும் தெரியும். வெள்ளித் தகட்டில் இரண்டு கண். கோயிலுக்கு ஒரு ஜோடி வாங்கும்போது இன்னொரு ஜோடியும் சேர்த்து வாங்கி வீட்டில் வைக்கிறேன், 22 வருஷமாக. அம்மாவுக்குத் தெரியாது. சாமிக்கென்று விற்பதை வீட்டில் வைத்தால் குற்றம் என்பார்.

வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த ஊரின் வெள்ளி விலையே தெரிகிறது. முதல் ஜோடியில் கருவிழி தனியாகக் கொட்டி, இமை மயிர்கூட வரி வரியாக இருக்கும். அப்புறம் இமை போனது. அப்புறம் புருவம். இந்த வருஷம் வாங்கியது மேசை மேல் இருந்தது, மின்விசிறி போட்டதும் பறந்துவிட்டது.


#14 முகப்புத்திண்ணை

இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் எனக்கு முதல் இடம். என் பாட்டில் உட்பட.


#15 நெய்க்கரண்டி, பள்ளத்தூர்

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பின்வரிசை: இடதுகைக் கரண்டிகள்.

வலதுகையால் எடுத்து எடுத்துப் பழகிய கரண்டி, நுனியின் இடது ஓரத்தில் தேயும். பாத்திரத்தில் உரசுவது அந்த ஓரம்தான். பழைய வெள்ளி நெய்க்கரண்டி எதை எடுத்தாலும் அப்படித்தான் சாய்ந்திருக்கும், அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு பார்த்த பிறை மாதிரி. நூற்றில் ஒன்று மாறித் தேய்ந்திருக்கும், வலது ஓரம். அந்த ஒன்றைத்தான் தேடுகிறேன். 11 வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் இடதுகைப் பழக்கம் உள்ள பிள்ளையை அடித்துத் திருத்துவார்கள், என்னையும் திருத்தினார்கள். திருத்தியும் கேட்காத 11 பேர் என்று நினைத்து வைத்திருக்கிறேன்.


#16 கரண்டிக்காரி

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். இன்று ராத்திரி என் 17ஐயும் நுனி பார்க்காமல் தூங்கமாட்டேன்.


#17 ஆயாவீடு, மதுரை

வாத்தியார் ஐயா கோவிச்சுக்கக் கூடாது. அது இடதுகைக்காரவுக கரண்டி இல்லைன்னு எனக்குத் தோணுது.

சாப்பிடும்போது வலதுகை எச்சில். பந்தியில உக்கார்ந்தா பரிமாற ஆள் இருக்கு, நெய்க்கிண்ணத்தை நாம தொடவே போறதில்லை. பரிமாறுறவுக வலதுகையாலதான் ஊத்துவாக. ஆனா தனியா உக்கார்ந்து, தானே போட்டுச் சாப்பிடுறவுக கிண்ணத்துல எந்தக் கையை விடுவாக? இடதுகையைத்தான். எங்க ஆயா, அதான் பாட்டி, அப்படித்தான். ஐயா, எங்க தாத்தா, ரங்கூன்ல, பிள்ளைகள் படிக்கப் போயாச்சு, ரெண்டாங்கட்டுல அவுக மட்டும். தட்டுக்குப் பக்கத்துல நெய்க்கிண்ணம், இடதுகையால ஒரு கரண்டி.

உங்க 11 கரண்டியும் தனியாச் சாப்பிட்டவுக கரண்டியா இருக்கும்.


#18 நெய்க்கரண்டி

அம்மா, ஒரு மணி நேரமாக இதற்கு என்ன பதில் எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டு நெய்க்கரண்டியை எடுத்துப் பார்த்தேன். எவர்சில்வர்தான், தேய்மானம் தெரியாது. மனைவி போய் ஆறு வருஷம். எந்தக் கையால் போட்டுக்கொள்கிறேன் என்று இன்று மத்தியானம்தான் கவனித்தேன்.

சேகரிப்பின் பேரை மாற்ற வேண்டும்.


#19 ஓரக்கண்

படிப்பதோடு சரி, நான் எழுதுவதில்லை. இன்று எழுதுகிறேன். என்னிடம் இருப்பது பேர் அழித்த சாமான்கள்.

நம் பக்கம் வெள்ளிச் சாமானில் பேர் வெட்டாமல் பெண்ணை அனுப்பமாட்டார்கள். சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதுவது. விலாசம், பேர், சிலவற்றில் எடையும் இருக்கும், இத்தனை ரூபாய் எடை என்று. வெள்ளி ரூபாயையே எடைக்கல்லாக வைத்து நிறுத்த காலம். விற்க வரும்போது முதலில் கேட்பது, "அந்தப் பேரைக் கொஞ்சம் எடுத்துடுங்க." அரம் போட்டு, மெருகு போட்டு, இடத்தை வழவழப்பாக்கிவிடுவார்கள். அந்த இடம் மட்டும் மெலிந்து, விரல் வைத்தால் லேசாகக் குழியும். கடைக்காரர்களுக்கு அது குறை. எனக்கு அதுதான் வேண்டும். கும்பா, செம்பு, டவரா எல்லாம் சேர்த்து 26.

அழித்தவர்கள் எல்லாரும் ஒன்றை மறந்திருக்கிறார்கள். புள்ளி தட்டும்போது தகடு உள்பக்கம் புடைக்கும். அரம் போட்டது வெளியே மட்டும். கும்பாவுக்குள் கைவிட்டு ஆள்காட்டி விரலால் தடவினால், அத்தனை எழுத்தும் தலைகீழாக அங்கேயே இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத்தான் படிப்பேன், கண் இருந்தால் குழம்பும்.

ஒரு செம்பில் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பேர் முழுக்கப் போய்விட்டது, கடைசியில் 'ஆச்சி' மட்டும் வெளியே நிற்கிறது. விற்க வந்தவர் போதும் என்றாரோ, பட்டறைக்காரருக்குக் கை வரவில்லையோ.


#20 சந்தேகப்பிராணி

இதுவரை விளையாட்டாகப் பேசினேன், இதில் பேசமாட்டேன். மானத்துக்காக அழித்தது அது. கடை வாசலில் முக்காடு போட்டு நின்று, பேரை எடுங்கள் என்று கேட்டு வாங்கிய ஒரே சலுகை. நீங்கள் இருட்டில் உட்கார்ந்து தடவிப் படிக்கிறீர்கள். அடுத்தவர் வீட்டுக் கதவில் காதை வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?


#21 ஓரக்கண்

வித்தியாசம் அதிகம் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். எங்கும் எழுதி வைத்ததில்லை, யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நான் வாங்காவிட்டால் அடுத்த வாரம் அது உருக்கும் மூசைக்குள் போகும். உள்ளே இருக்கும் எழுத்தும் சேர்ந்து.


#22 பட்டறைப்பையன்

மூசையில நான்தான் போடுறேன், அதனால நான் சொல்றேன். ரெண்டு பேர் சொல்றதும் சரி. அப்பா காலத்துல பேரோட வர்ற சாமானை அப்படியே உருக்கமாட்டார். பேர் இருக்கிற தகட்டை வெட்டி எடுத்து ஒரு தகர டப்பால போடுவார், வருஷக் கடைசியில மொத்தமா. ஏன்னு கேட்டா, 'கல்யாணத்துக்குன்னு வெட்டின பேருடா' அவ்வளவுதான் சொல்வார். அந்தப் பேர்ல பாதி அவரோட அப்பா வெட்டினது. பினாங்குத் தைப்பூசத்துல ஓடுற வெள்ளித்தேரு காரைக்குடியில செஞ்சு 1894ல கப்பல்ல போனதுன்னு பெருமையாச் சொல்வோம். அப்படிப்பட்ட ஊர்ப் பட்டறைக்கு என் காலத்துல அதிகம் வர்றது உருக்குற வேலைதான்.

டப்பா இன்னும் இருக்கு. என் பின்வரிசைன்னா அதுதான்னு இப்பத்தான் தோணுது.


#23 மட்டுறுத்துநர்

இழை சூடாகிறது, ஆனால் தரம் கெடவில்லை, அதனால் பூட்டவில்லை. இடையில் ஒன்று: தனிச்செய்தியில் இரண்டு பேர் பழைய சாமானை வெளிநாடு எடுத்துப் போக வழி கேட்டிருக்கிறார்கள். 100 வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972 தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆயா கொடுத்தது என்றாலும் அப்படித்தான். இங்கே அதைப் பற்றிக் கேட்கவேண்டாம்.


#24 ஆயாவீடு

ஓரக்கண் அவர்களுக்கு. நீங்க அண்ணனா அக்காவான்னு தெரியலை, மன்னிக்கணும்.

1942ல ஜப்பான்காரன் ரங்கூனுக்குள்ள வந்ததும் ஐயா நடந்தே வந்தவுகள்ல ஒருத்தர். கடை, நிலம், கொடுத்த கடன் எல்லாம் அங்கேயே. அதுக்கப்புறம் ஆயா ஒவ்வொண்ணா வித்தாக. கடைசியா வித்தது கும்பா. காரைக்குடியில தெரிஞ்சவுக பார்ப்பாகன்னு மதுரைக்குக் கொண்டுபோய் வித்ததா அம்மா சொல்லுவாக. பேரை அழிச்சுத்தான் கொடுத்தாகளாம்.

சாமான் சிட்டை எங்கிட்ட இருக்கு. கல்யாணத்துக்குக் கொடுத்த ஒவ்வொண்ணும் எழுதியிருக்கு. 'வெள்ளிக் கும்பா 1க்கு ரூபாய் எடை 41.' இதைக் கேக்குறது தப்பான்னு சந்தேகப்பிராணி அவர்களும் சொல்லணும்.


#25 சந்தேகப்பிராணி

நீங்கள் கேட்கலாம் ஆச்சி. உங்கள் வீட்டுக் கதவு அது.


#26 ஓரக்கண்

ரூபாய் எடை ஒன்றுக்கு 11.66 கிராம். 41க்கு 478 வரும். என்னிடம் உள்ள கும்பா ஒன்பதில் எட்டு 400க்குக் கீழே. ஒன்று மட்டும் 471. அரம் போட்டதில் ஆறேழு கிராம் போயிருக்கலாம். வாங்கியது மதுரையில், ஆனால் அது ஒன்றையும் நிரூபிக்காது, என் சாமானில் பாதி மதுரையில் வாங்கியதுதான்.

சிட்டையில் விலாசம் எத்தனை எழுத்து என்று மட்டும் சொல்லுங்கள். எழுத்து வேண்டாம், எண்ணிக்கை போதும். கால்குறி உண்டா என்றும். நம் பழைய கணக்கில் கால் என்பதை 'வ' போல எழுதுவார்கள், அதை எழுத்தென்று எண்ணிவிடக் கூடாது.


#27 ஆயாவீடு

நாலு எழுத்து. எடை முழு 41, காலும் இல்லை அரையும் இல்லை.


#28 ஓரக்கண்

இப்போதுதான் மறுபடி தடவிப் பார்த்தேன், மூன்று தடவை. வெளிச்சத்தில் ஒரு தடவை, கரண்டிக்காரி சொன்னபடி வெளிப்பக்கம் ஊதியும் பார்த்தேன். மூன்று எழுத்து. எடை 40, பக்கத்தில் முக்கால்.

உங்களுடையது இல்லை அம்மா.


#29 ஆயாவீடு

சரி. நல்லா இருக்கட்டும்.

ஒண்ணு கேக்கலாமா? அது உள்ளே எப்படி இருக்கும்? சாப்பிட்டுச் சாப்பிட்டு அடி தேய்ஞ்சிருக்கா?


#30 ஓரக்கண்

தேய்ந்திருக்கிறது. நடுவில் இல்லை, ஓர் ஓரமாக. விரல் நாலும் போய்ப் போய் வந்த இடம். தயிர்சாதம் பிசைந்தவர் யாரோ.

படம் அனுப்பியிருக்கிறேன், தனிச்செய்தி பாருங்கள். பேர் இருக்கும் பக்கம் வராமல் எடுத்திருக்கிறேன்.


#31 காலிப்பெட்டி

ஆறு வட்டம், ஒரு நீள்வட்டம், பேனாப் பள்ளம். சொல்லவேண்டாம் என்றேன்தான். யாருக்காவது தெரியுமா?


#32 முகப்புத்திண்ணை

தெரியாது. அந்தப் பேனாப் பள்ளத்தின் நீளம் எவ்வளவு? என்னிடம் 44 இருக்கிறது, எதையாவது வைத்துப் பார்க்கலாம்.


#33 சந்தேகப்பிராணி

முந்தாநாள் 43.